ஏழாம் நம்பர் ஆணி

குடைக் கைப்பிடியால் சீலிங்கை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாதாளம் மேடம் எங்கள் அலுவலகத்தில் உட்காருவார். ஆள் ஐந்தடியைத் தொடமாட்டார் என்பதால் முதலில் நாற்காலி மேல் ஏற வேண்டும். ஏறி, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "டங்குன்னு கேட்டா நல்ல கூரை, டொப்புன்னு கேட்டா எழுந்து ஓடணும்" என்று எங்களுக்கும் ஒரு முறை நினைவூட்டிவிட்டு, இறங்கி, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, அதன் பிறகே அமர்வார். எங்கள் சீலிங் வெறும் அட்டை. எங்கே தட்டினாலும் டொப்புதான். பதினோரு வருடமாக அவர் அதன் கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போகிறார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் சுரங்கப் பொறியியல் துறையின் தலைவர். பாதாளம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும், வருத்தம் இல்லை. "நான் என்ன ஆகாசத்துலயா வேலை பாத்தேன்? சரியாத்தானே வெச்சிருக்காங்க" என்பார். பாடம் நடத்த வருவதற்கு முன் ஒன்பது வருடம் நிலத்துக்கடியில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தவர். பாறையில் துளை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய தொண்டை இன்னும் இறங்கவில்லை. "ஒரு ரகசியம் சொல்றேன் சார்" என்று அவர் தொடங்கினால் எதிர்க் கட்டடத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

நான் சேர்க்கைப் பிரிவில் குமாஸ்தா. பல்கலைக்கழக முத்திரை என் மேஜை டிராயரில் இருப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் சீல் சார். இருபத்தாறு வருடமாக என் கவுன்ட்டர் ஐந்து மணிக்கு மூடுகிறது. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வந்து நின்று அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, ஒருவர் ஜன்னல் கம்பி வழியாக விண்ணப்பத்தை வீசியும் பார்த்தார். நான் அதைத் திரும்ப வெளியே வீசினேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

மேடத்தின் கணவர் பல் டாக்டர். "இவரும் குடையற ஆள்தான், ஆனா ரொம்பச் சின்ன அளவுல" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அவர்கள் வீட்டு வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பலகை. அதில் மூன்று ஆணிகள், கணவன் மனைவி மகள் மூவருக்கும் நம்பர் அடித்த மூன்று பித்தளை டோக்கன்கள். வெளியே கிளம்புகிறவர் தன் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். டாக்டர் என்னிடம் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: "கல்யாணமான புதுசுல, நம்ம மேல இவ்வளவு பாசமான்னு பூரிச்சுப் போயிட்டேன் சார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது செக்‌ஷன் பதினாலாம், சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்துல."

துறையிலும் அதே பலகைதான், ஆணி மட்டும் இருபது. துறைக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் பழைய மாணவர்கள் பயிற்சிக்காகத் தோண்டிய ஒரு சுரங்கம் இருக்கிறது. நீளம் இருபத்திரண்டு மீட்டர். வளைவு இல்லை, கிளை இல்லை. வாயில் நின்று டார்ச் அடித்தால் கடைசிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பல்லி கண் கூசி நகரும். ஆனாலும் துணைவேந்தரே வந்தாலும் ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எடுத்தவர்தான் மாட்ட வேண்டும், அடுத்தவர் கையில் கொடுத்துவிடக் கூடாது. இருபது ஆணியும் நிறையாமல் பொறுப்பாளர் சுரங்க வாயை விட்டு நகரவும் கூடாது.

இதற்கு அவரிடம் ஒரு கதை உண்டு. ஷிப்ட் இன்ஜினியராக இருந்தபோது ஒரு நாள் ஓர் ஆணி காலி. அந்த ஆள் டோக்கனை மாட்ட மறந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்று பத்துப் பேர் சொன்னார்கள். அன்று மாலை உள்ளே வெடி வைக்க வேண்டும். எல்லாம் தயார், மேலதிகாரி கத்துகிறார். மேடம் நகரமாட்டேன் என்று வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தேடிப் போனால், அந்த மனிதர் மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் தலைக்கு ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். இந்தக் கதையை நான் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் குறட்டையை அவரே விட்டுக் காட்டுவார்.

இவரிடம் படிக்கத்தான் ஆள் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள், அடுத்த வருடம் பதினொன்று, போன வருடம் சரியாகப் பத்து. பத்துக்கு ஒருவர் குறைந்தாலும் அந்த வருடம் முதல் துறையை மூடிவிடுவது என்று இந்த வருடம் மேலிடத்தில் முடிவு செய்து, சுற்றறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அதைத் தட்டச்சு செய்தவன் நான். மேடம் அதை வாங்கிப் படித்தார். "பத்துதானே? சுரங்கத்துக்குள்ள பத்துப் பேருன்னா கூட்டம் சார்" என்று உரக்கச் சிரித்தார். பிறகு அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்ற நிலையிலும் மடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் நிம்மதி இல்லை. கைப்பையில் ஓர் ஆல்பம் வைத்திருப்பார், பழைய மாணவர்கள் படம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், மருந்துக் கடையில் வரிசையில் நின்றவர், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி மறுத்துப் பேச வழியில்லாமல் கிடந்தவர், யாரும் தப்பவில்லை. "இவன் நகரத்துல மெட்ரோ ரயிலுக்குக் குடையறான். இவ வெடி நிபுணி, பழைய புகைபோக்கிய எல்லாம் இடிப்பா. ஒரு பட்டன், நாலு செகண்டு, அப்படியே உக்காந்துடும். இவன் ஏ.சி. ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல சுரங்க வரைபடம் போடறான், பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு சட்டை கசங்காமச் சொல்லிடுவான். இவ காத்து இன்ஜினியர். ஆமா, கீழ காத்து அனுப்பறதுக்குன்னே ஒரு வேலை இருக்கு. இவன் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர், இவன் ஜீப் வந்தா முதலாளிங்களுக்கு வேர்க்கும்." கைவிடப்பட்ட சுரங்கத்தில் காளான் வளர்க்கிறவன் படமும் உண்டு. அதுவும் சுரங்க வேலைதான் என்பது அவர் கட்சி. வங்கியில் சேர்ந்துவிட்ட ஒருவனை மட்டும் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்.

படிப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். "முதல் வருஷம் கல்லு. ரெண்டாவது வருஷம் காத்தும் தண்ணியும். மூணாவது வருஷம் வெடி. நாலாவது வருஷம் சட்டம். வெடிச்சதுக்கு அப்புறம் அதுதானே தேவைப்படும்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பெற்றோர்கள் சிரிப்பதில்லை.

சேர்க்கையின் கடைசி நாள் மதியம் ஒன்பது பேர் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பத்தாவது விண்ணப்பத்துக்கு நேராக என் ரிஜிஸ்டரில் மேடம் கையெழுத்துப் போட்டு, நான் சீல் குத்தியாக வேண்டும். மேடம் என் கவுன்ட்டருக்கு எதிரே தூண் மறைவில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். இரண்டரை மணிக்கு அந்த வரிசையின் வாலில் ஒரு பெண்ணும் அவளுடைய தாய்மாமாவும் வந்து சேர்ந்தார்கள். மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வரிசை நகரும்போதெல்லாம் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது. பெண்ணிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமாதான் பதில் சொன்னார். மேடம் கைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு நெருங்கினார்.

"சார், இது என்ன?"

"ஸ்பூன்."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க பையிலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

"கடையிலேர்ந்து."

"அதுக்கும் முன்னாடி?"

மாமா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், சத்தியமா நான் எடுக்கலைங்க."

"பூமிக்கு அடியிலேர்ந்து சார்!" என்றார் மேடம். வரிசை மொத்தமும் திடுக்கிட்டது. "ஸ்பூன், கார், உங்க கார்ல இருக்கற கிளட்ச்சு, பிரேக்கு, எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் கீழ போய் எடுத்துட்டு வந்தாத்தான் உண்டு. உங்க தொழிலே எங்க தொழில் போட்ட பிச்சை!"

பிச்சை என்றதும் மாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "அதுக்காகப் பொண்ணப் போய் குழிக்குள்ள இறக்கச் சொல்றீங்களா?" என்றார். "நான் பொண்ணு இல்லையா? நாலு அடி பத்து அங்குலம். ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கூடத் தலை இடிக்கல. ஆறடி ஆம்பளைங்க எல்லாம் நெத்தி வீங்கி வருவாங்க" என்றார் மேடம். ஒரு மணி நேரம் இந்த வாக்குவாதம் நடந்தது. பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றரை மணிக்கு மூவரும் சுரங்கத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். மாமா ஏற்கெனவே ஹெல்மெட் போட்டிருந்தார்.

நான்கு பத்து ஆகியும் திரும்பவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய துறை மூடினால் எனக்கென்ன, இருந்தால் எனக்கென்ன என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் "தேநீர் இடைவேளை" அட்டையைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும். சொல்லிவிட்டேன், போதும்.

சுரங்க வாயில் யாரும் இல்லை. உள்ளே மேடத்தின் குரல் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் இல்லாமல் உள்ளே காலை வைத்தால் ஒரு வாரம் பேச்சு வாங்க வேண்டும் என்பதால் வாயோரம் இருந்த பலகையிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இருட்டில் நாலு எட்டு வைத்து, "மேடம், மணி நாலு இருபது! நான் அஞ்சுக்கு மூடிடுவேன்!" என்று கத்தினேன். "சீல் சாரா? இதோ வந்துட்டோம்!" என்று பதில் வந்தது. கூடவே மாமாவின் குரலும்: "மேடம், இதுல வண்டி விட்டா ரிவர்ஸ் எப்படி எடுக்கறது?" மாமா மேடத்தின் வலையில் விழுந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு, தலை கால் புரியாத சந்தோஷத்தில் கவுன்ட்டருக்குத் திரும்பினேன்.

நான்கரை. நான்கு நாற்பது. யாரும் வரவில்லை. கடைசி நாளில் பெற்றோர் தொல்லை தாங்காது என்று டெலிபோன் ரிசீவரைக் காலையிலேயே எடுத்துக் கீழே வைத்திருந்தேன். நான்கு ஐம்பதுக்கு அந்தப் பெண் மட்டும் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவள் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"சார், நீங்க வெளிய வந்துட்டீங்களா?"

"என்னது?"

"மேடம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்களாம்."

"நான் இங்கதானேம்மா உக்காந்திருக்கேன்!"

"நானும் அதத்தான் சார் சொன்னேன், நீங்க கவுன்ட்டர்ல இருப்பீங்கன்னு. ஏழாம் நம்பர் ஆணி காலியா இருக்காம். டோக்கன் வந்தாத்தான் ஆள் வந்த மாதிரியாம்."

சட்டைப் பைக்குக் கை போனது. பேனாவுக்குப் பக்கத்தில் வட்டமாக, கனமாக, ஜில்லென்று இருந்தது ஏழாம் நம்பர். என் வாழ்நாளில் என்னை நானே அவ்வளவு மோசமான வார்த்தையால் திட்டிக்கொண்டதில்லை.

கணக்கு எளிது. டோக்கனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்ப முடியாது, எடுத்தவர்தான் மாட்ட வேண்டும். நான் போய் மாட்டி, அதன் பிறகு மேடம் சுரங்க வேலையில் வாங்கிய முழங்கால் வலியோடு இங்கே நடந்து வருவதற்குள் ஐந்தே கால் ஆகிவிடும். ஐந்தே காலுக்கு என் கவுன்ட்டர் திறந்திருக்காது. அதை நானே திறக்கவிட மாட்டேன். ஆனால் ஐந்துக்கு முன்னால் கவுன்ட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் எனக்கு அது உறுதியாகத் தெரியும். ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கி, சீலையும் மைப்பெட்டியையும் பேண்ட் பைகளில் திணித்துக்கொண்டு ஓடினேன். நான் அப்படி ஓடுவதைப் பார்த்தவர்கள் தீ விபத்து என்று நினைத்துத் தாங்களும் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

பெண் என்னோடு ஓடி வந்தாள். விண்ணப்பம் அவள் கையில் படபடத்தது. அதில் பாடப்பிரிவு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எனக்கு மனசாட்சி உறுத்தியது. "ஏம்மா, உங்க மாமா சொன்னாருன்னு எழுதிடாத. கம்ப்யூட்டர்ல இன்னும் சீட் இருக்கு" என்றேன் மூச்சிரைக்க.

"மாமா மதியம் வரைக்கும் கம்ப்யூட்டர்தான் சார் சொன்னாரு. இப்ப மைனிங்னு சொல்றாரு. நாளைக்கு வேற சொல்லுவாரு." நாலு எட்டு ஓடிவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுல நாங்க ஆறு பேரு. நான் வரலைன்னா சாப்பிட உக்காந்தப்புறம்தான் கவனிப்பாங்க. இவங்க உங்களுக்காக அரை மணி நேரமா அங்கயே நிக்கறாங்க. நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சும் நிக்கறாங்க."

சுரங்க வாயில் மாமா ஹெல்மெட்டோடு காவல் நின்றார். முகமெல்லாம் மண். என்னைக் கண்டதும் பெரும் நிம்மதியோடு, "ரெண்டு தடவை உள்ள போய்த் தேடிட்டேன் சார், நீங்க இல்லவே இல்ல!" என்றார். இரண்டு தடவைக்கும் முறையாக டோக்கன் எடுத்து மாட்டியிருக்கிறார். உள்ளே மண் அள்ள வைத்திருந்த தள்ளுவண்டியைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தார்களாம்.

மேடம் பலகைக்கு எதிரில் நின்றிருந்தார். வாட்ச்சைப் பார்க்கவே இல்லை. ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை. ஐந்து மணி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? பதினோரு வருடத் துறை, அந்த ஆல்பம், இனி எடுக்கப்போகும் படங்கள், எல்லாம் ஐந்து மணியோடு மூட்டை கட்டப்படும் என்று தெரிந்துதான் நின்றார்.

"மேடம், இந்தாங்க டோக்கன், இந்தாங்க ரிஜிஸ்டர். நாலு அம்பத்தஞ்சு!" என்றேன்.

"மாட்டுங்க."

மாட்டினேன். அவர் விரலை நீட்டி முதல் ஆணியிலிருந்து எண்ணத் தொடங்கினார். பெண் அதற்குள் மாமாவைக் குனியவைத்து, அவர் முதுகில் காகிதத்தை வைத்துக் காலிக் கட்டத்தை நிரப்பினாள். "என்ன எழுதற? என்ன எழுதற?" என்று மாமா குனிந்தபடியே கேட்டார். அவள் காகிதத்தை என்னிடம் நீட்டினாள், நான் ரிஜிஸ்டரில் பத்தாவது வரியில் அவள் பெயரை எழுதினேன். மேடம் பதின்மூன்றில் இருந்தார்.

"மேடம், நாலு அம்பத்தேழு..."

"நடுவுல பேசாதீங்க சார்!" என்று மண்மேடு அதிரக் கத்திவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா வலது காலால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

எண்ணி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நியாயப்படி ஒரு வாரத்துக்கான திட்டு எனக்கு வர வேண்டும்.

"வந்துட்டீங்களா" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது எங்கள் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது.

"வந்துட்டேன் மேடம்."

என் வலது மணிக்கட்டை இடது கையால் பற்றிக்கொண்டு, பெண் விரித்துப் பிடித்த ரிஜிஸ்டரில் பத்தாவது பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகும் பிடியை விடவில்லை. சீலை நான் இடது கையால்தான் குத்தினேன்.